சரிவில் நிற்கும் மரம்: நீலகிரித் தொடக்கப் பள்ளிகளில் சித்திரக் கல்வி

தமிழ்நாட்டின் எந்த ஊர்த் தொடக்கப் பள்ளியிலும் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உனக்குப் பிடித்ததை வரை என்று சொன்னால், பெரும்பாலும் ஒரே சித்திரம்தான் பிறக்கிறது: கூர்மையான இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே கதிர்விரித்து எழும் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு கூரை வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம். சமவெளிப் பிள்ளைகள் இதை வரைவதில் வியப்பில்லை. ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், மார்கழி விடியலில் புல்வெளியெல்லாம் உறைபனி பூத்து வெளுத்துக் கிடக்கும் உதகமண்டலத்துப் பிள்ளையும் இதையே வரைகிறது என்பதுதான் சிந்திக்கத்தக்க விஷயம். அந்தக் குளிரில் தென்னை வளர்வதில்லை. வகுப்பறையின் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலைகளோ முக்கோணங்கள் அல்ல. தோள் தோளாகச் சரிந்து, ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து, மடிப்புகளில் மட்டும் கரும்பச்சைச் சோலைகளை ஒளித்துவைத்துக்கொண்டு, மேலே மொட்டைப் புல்வெளியாய் உருண்டு நிற்பவை. கூரை வீட்டுக்குப் பதிலாக அங்கே இருப்பது தோட்டத் தொழிலாளரின் தகரக் கூரை போட்ட லயன் வீடோ, படுகர் ஊராகிய அட்டியில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடோதான்.

இதைக் குழந்தையின் கற்பனை வறட்சி என்று கொள்வது பெரிய அநியாயம். மூன்று வயதில் அடுப்புக்கரியால் சுவரில் கிறுக்கத் தொடங்கி, ஒருவரும் கற்பிக்காமலே வட்டத்துக்குக் கண்ணும் காலும் முளைக்கவைத்து மனிதனைச் சிருஷ்டித்த அதே குழந்தைதான், பள்ளிக்கு வந்த பிறகு, கரும்பலகையில் போட்ட படத்தையும், கடையில் விற்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்தையும், அக்காவின் நோட்டையும் பார்த்துப் பார்த்து, படம் என்றால் இதுதான் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. கை மனப்பாடமானதை ஒப்பிக்கிறது. இந்த நிலை எதனால் நேருகிறது, இதற்கு மாற்றாக ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையில் எவ்வகைச் சித்திர வேலைகளை எந்த வரிசையில் அமைக்கலாம் என்பதை, நீலகிரியின் மண்ணையும் மக்களையும் ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவ்வரிசை விழா நாட்களையோ கடையில் கிடைக்கும் சாமான்களையோ அனுசரித்து அமையாமல், குழந்தையின் கையும் கண்ணும் இடவுணர்வும் வளரும் வரிசையை அனுசரித்து அமைய வேண்டும். அதற்கு வேண்டிய பொருள்களும் முன்மாதிரிகளும் இம்மலைவாழ் மக்களின் கைத்தொழில்களில் வெகுகாலமாகவே இருக்கின்றன.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்கென்று ஒரு பகுதிநேரப் போதகர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கோ அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. 2012இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலிய பாடங்களுக்காக நியமித்த பதினாறாயிரத்துச் சொச்சம் பகுதிநேர ஆசிரியர்களும் நடுநிலை வகுப்புகளை உத்தேசித்தே நியமிக்கப்பட்டார்கள். ஆக, ஒரு மனிதப் பிறவியின் கை மிக வேகமாக வளரும் ஐந்து ஆண்டுகளில் அதற்குச் சித்திர ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லை. தமிழும் கணக்கும் நடத்துகிற அதே வகுப்பாசிரியைதான் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022-23ஆம் கல்வியாண்டில் ஆறாம் வகுப்பு முதற்கொண்டு தொடங்கிய அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா பின்னர் தொடக்க வகுப்புகளுக்கும் விரிவடைந்தது நல்ல காரியமே. மேடையைக் காணாத பல பிள்ளைகளுக்கு அது மேடை கொடுத்திருக்கிறது. எனினும் போட்டி என்பது ஒரு நாள் சமாச்சாரம். ஆண்டு முழுவதும் வாரந்தோறும் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

அக்கேள்விக்கு விடை தேடியவர்கள் உலகில் உண்டு. வியன்னா நகரில் பிரான்ஸ் சிஜெக் என்பவர் 1897இல் சிறுவர்களுக்கென்றே ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கி, பெரியவர்களின் படங்களைப் பார்த்து வரையச் சொல்லும் பழக்கத்தை அதில் கைவிட்டார். பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இல் வெளியிட்ட நூலில், சிறு குழந்தை தான் காண்பதை விடத் தான் அறிந்ததையே வரைகிறது என்பதை நுட்பமாக நிறுவினார். பேருந்தை வரையும்போது பக்கச் சுவரின் ஊடே உள்ளே உட்கார்ந்திருக்கும் பாட்டியும் தெரிவது அதனால்தான். ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய பெருநூல், இவ்வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்தது: இரண்டு வயதிலிருந்து கிறுக்கல், நான்கிலிருந்து உருவம் அரும்பும் பருவம், ஏழிலிருந்து ஒன்பது வரை, மனிதனுக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் தனக்கென்று ஒரு நிலைத்த வடிவத்தை வகுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தாளின் அடியில் ஒரு கோட்டின்மேல் நிறுத்தும் பருவம், ஒன்பதிலிருந்து, தன் படம் உண்மையைப்போல இல்லையே என்று குழந்தை முதன்முதலாகக் கவலைப்படும் பருவம். நம் வகுப்புகளோடு பொருத்திப் பார்த்தால் ஒன்றாம் வகுப்பு இரண்டாம் படியிலும், ஐந்தாம் வகுப்பு நான்காம் படியிலும் விழுகின்றன. எனக்கு வரையவே வராது என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்குவதும் அந்த நான்காம் படியில்தான். அந்தக் கவலை வந்து நிற்கும் வேளையில் பார்க்கும் பயிற்சி கையிருப்பில் இல்லாத பிள்ளை, முக்கோண மலையையும் தென்னை மரத்தையும் இறுகப் பற்றிக்கொள்கிறது; அதில் பிழை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள் அல்லவா?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு உரியது களிமண் என்பது என் துணிபு. பென்சிலைப் பிடிக்கும் மூன்று விரல்களுக்கு வலு வருவதற்கு முன்பே உள்ளங்கை முழுவதும் வேலை செய்யக் காத்திருக்கிறது. பிசைதல், உருட்டல், கிள்ளல், தட்டல் ஆகிய நான்கும் போதும், நாயும் கோழியும் பலாப்பழமும் வந்துவிடும். நீலகிரியில் மண்பாண்டம் வனைவது கோத்தர் சமூகத்தில் பெண்களின் தொழில். ஆண்கள் கொல்லுலையையும் தச்சையும் கவனிக்க, பெண்கள் வனைந்த பானைகள் ஒரு காலத்தில் தொதவர் குடியிருப்பாகிய மந்துக்கும் படுகர் அட்டிக்கும் குறும்பர் சிற்றூருக்கும் பண்டமாற்றாகப் போயின. ஒரு கோத்தர் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்து வந்து, மண்ணை எப்படிச் சலிக்கிறாள், எவ்வளவு நேரம் மிதிக்கிறாள், கல்லை எப்படிப் பொறுக்கி எறிகிறாள் என்பதை ஒரு முற்பகல் முழுவதும் பிள்ளைகள் பார்த்திருந்தால், அதுவே பெரும் பாடம். இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கத்திலும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலும் பள்ளி நடத்துகிறவர்களுக்குத் தெரியும்: களிமண் பொம்மை வாரக்கணக்கில் காயாது, மைதாப் பசை மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும், தண்ணீர் வண்ணம் தீட்டிய தாளை அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகையால் களிமண் வேலையை மாசி, பங்குனி வெயிலுக்கு ஒதுக்கி, மழை மாதங்களில் அதே மண்ணைக் குழைத்துப் பூசும் வேலையை வைப்பது விவேகம். சரிவு வெட்டிய சாலையோரத்தில் செம்மண், மஞ்சள் மண், வெளுத்த மண், கரிய தோட்ட மண் என்று நான்கு நிறம் ஒரு பர்லாங்குக்குள் கிடைக்கிறது. பொடித்து மெல்லிய துணியில் சலித்து, கஞ்சியில் குழைத்தால், ஏழு வயதுப் பிள்ளை விரலாலேயே தீட்டக்கூடிய வண்ணம் தயார்.

மூன்றாம் வகுப்புக்கு வரும்போது, சித்திரக் கல்வியின் மிக ரசமான இடத்துக்கு வந்து சேருகிறோம். இவ்விடத்தில் உலகின் வேறு எந்தப் பள்ளிக்கும் இல்லாத பாக்கியம் மலைப் பள்ளிக்கு உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலார் ழான் பியாஜேயும் பேர்பெல் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட, குழந்தையின் இடவுணர்வைப் பற்றிய ஆராய்ச்சியில், ஒரு மலையின் படத்தை வைத்து அதன் சரிவில் மரங்களை நடச் சொன்னார்கள். மிகச் சிறிய குழந்தைகள் மரங்களை மலையின் வயிற்றுக்குள்ளேயே படுக்கவைத்தன. சற்றுப் பெரிய குழந்தைகள், ஏழு எட்டு வயது வரையிலும், மரத்தைச் சரிவுக்குச் செங்குத்தாக நட்டன; அதாவது மலைப்பக்கம் சாயும் இடத்திலெல்லாம் மரமும் வெளிப்புறம் சாய்ந்து நின்றது. ஒன்பது வயதை ஒட்டித்தான், சரிவு எப்படியிருந்தாலும் மரம் வானத்தை நோக்கி நிமிர்ந்தே நிற்கும் என்பது கைக்கு வந்தது. குழந்தை அதுவரையில் மரத்துக்கும் தரைக்கும் உள்ள உறவை மட்டும் பார்க்கிறது. மரம், தரை, வானம், தாளின் விளிம்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் நிறுத்திப் பார்க்கும் சக்தி பின்னரே உதயமாகிறது.

சமவெளியில் இந்தப் பிழை தெரிவதேயில்லை. அங்கே தரையும் தாளின் அடிக்கோடும் ஒன்றே. நீலகிரியிலோ பிள்ளையின் வீடே சரிவில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் சரிவில் வரிசையாக நிற்கின்றன. பள்ளிக்கு வருகிற வழியெல்லாம் சரிவு. ஆகவே எட்டு வயதுப் பிள்ளையின் நோட்டில் சாய்ந்து விழுகிற மரங்களைக் கண்டால் அடித்துத் திருத்துவதற்குப் பதிலாக, கொத்தனாரிடமிருந்து ஒரு தூக்குக்குண்டை இரவல் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது உசிதம். நூலின் மேல்முனையை ஒரு பிள்ளை உயர்த்திப் பிடிக்க, குண்டு ஆடி ஆடி ஓய்ந்து நின்றதும், இன்னொரு பிள்ளை சற்றுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் மரத்தின் தண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒட்டிப்போகும். அதே குண்டைத் தொங்கவிட்டு வீட்டுச் சுவரையும் மின்கம்பத்தையும் கோயில் வாசற்காலையும் பார்க்கலாம். பிறகு சரிவில் ஏறும் மலை ரயிலைப் பார்க்க வேண்டும். கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பற்சக்கரப் பாதையில், மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் ஏறுகிற அந்த வண்டி மட்டும் உண்மையாகவே சாய்ந்து போகிறது, அதன் ஜன்னல் சட்டமும் நூலோடு ஒட்டுவதில்லை. மரம் நிமிர்ந்து நிற்கிறது, ரயில் சாய்ந்து ஏறுகிறது. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடித்து வந்து தாளில் வைத்த பிள்ளைக்கு அதற்குமேல் முக்கோண மலை தேவைப்படாது. இந்த ஒரு வேலைக்கே மூன்றாம் வகுப்பின் ஒரு பருவத்தைக் கொடுத்தாலும் தகும் என்பேன்.

நான்காம் வகுப்பில் எண்ணும் கை வருகிறது. பெருக்கல் வாய்பாடு ஓடிக்கொண்டிருக்கும் இந்த வயதுக்குத் தொதவர் பெண்களின் பூந்தையல் ஓர் அற்புதமான ஆசிரியர். புகூர் என்று அவர்கள் வழங்கும் இவ்வேலைப்பாடு, பூத்துக்குளி என்னும் அவர்களுடைய முரட்டு வெள்ளைப் பருத்திப் போர்வையில், சிவப்பும் கறுப்புமான நூலால் செய்யப்படுவது. துணிமேல் முன்கூட்டி ஒரு கோடும் வரைவதில்லை. வட்டச் சட்டத்தில் துணியை இறுக்குவதும் இல்லை. துணியின் பாவையும் ஊடையையும் விரல்நுனியால் தடவி எண்ணி, இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடுத்து என்று கணக்காகவே உரு வளர்கிறது. துணியின் எந்தப் பக்கத்திலிருந்து ஊசி ஓடுகிறதோ அதற்கு மறுபக்கமே அழகிய பக்கமாக மதிக்கப்படுகிறது. மானிடவியலறிஞர் ரிவர்ஸ் 1906இல் தொதவர்களைப் பற்றி எழுதிய பெருநூலிலும், மொழியறிஞர் எமனோ 1937இல் அவர்களுடைய ஆடையையும் பூந்தையலையும் பற்றித் தனியே எழுதிய கட்டுரையிலும் இவ்வேலை பதிவாகியிருக்கிறது. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே ஒரு தர்மசங்கடம் எழுகிறது. அதை மூடி மறைப்பது தகாது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ள ஒரு சிறு சமூகத்தின் அடையாளமாகவும், சடங்குகளோடு பிணைந்த உடைமையாகவும், இன்று பல குடும்பங்களின் வருமானமாகவும் உள்ள உருக்களை, மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சார்ட் தாளில் நகல் எடுத்து ஆண்டு விழாவில் தொங்கவிடுவது நியாயமாகுமா? நியாயமாகாது என்பதே என் எண்ணம். ஆனால் இழையை எண்ணுகிற முறை எவருடைய தனிச் சொத்தும் அன்று. சாக்குத் துணியில், இழை இடைவெளி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி, மூன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு இரண்டு என்று பிள்ளைகள் தாங்களே கணக்கமைத்து, தங்கள் கண்ணில் பட்டதை, ஒரு கேரட்டையோ ஒரு குடையையோ ஒரு தேயிலைக் கூடையையோ, தங்கள் உருவாக வளர்க்கட்டும். தொதவர் வேலையைத் தொதவப் பெண் ஒருவர் வந்து காட்டட்டும். பிள்ளைகள் பார்க்கட்டும், கேட்கட்டும், தொட அனுமதித்தால் தொடட்டும். புள்ளிக் கோலமும் இந்தக் கணக்கின் உறவினர்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1970களில் கோலத்தின் அமைப்பைக் கணித இலக்கணமாக ஆராய்ந்தார்கள் என்பதை நினைத்தால், வாசலில் கோலமிடும் தாயும் மந்தில் தைக்கும் பெண்ணும் நான்காம் வகுப்பின் கணக்கு ஆசிரியைக்கு எவ்வளவு பெரிய துணை என்பது விளங்கும்.

ஆலுக்குறும்பர்களின் சித்திரத்தைப் பற்றியும் இதே நிதானத்தோடு பேச வேண்டியிருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையில், எழுத்துப் பாறை என்று அழைக்கப்படும் தொன்மையான பாறை ஓவியங்களுக்கு அருகே வாழும் இவர்கள், கோயிற் சுவரிலும் வீட்டு முகப்பிலும், செம்மண்ணின் சிவப்பு, வெள்ளை மண், மரப்பட்டையின் கறுப்பு, காட்டு அவரை இலையின் பச்சை ஆகிய நான்கே வண்ணங்களில், எரிந்த குச்சியைத் தூரிகையாகக் கொண்டு, ஆடுபவர்களையும் தேன் எடுப்பவர்களையும் விலங்குகளையும் மெல்லிய உருக்களாகத் தீட்டி வந்திருக்கிறார்கள். இச்சித்திரம் வழிபாட்டோடு சம்பந்தப்பட்டது; மரபில் அதைத் தீட்டும் உரிமை கோயிலைச் சார்ந்த குடும்பத்து ஆண்களுக்கு இருந்தது. அந்த உருவங்களை அப்படியே பள்ளிச் சுவரில் எழுதுவதற்கு முன் கேட்டுப் பெற வேண்டிய அனுமதி ஒன்று இருக்கிறது. ஆனால் நான்கு வண்ணத்துக்குமேல் வேண்டாம், தூரிகையைத் தானே செய்துகொள் என்ற அந்தக் கட்டுப்பாட்டை எந்த வகுப்பும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்; இருபத்துநான்கு நிற கிரேயான்ஸ் பெட்டி கொடுக்காத ஒரு துணிவை நான்கு நிறம் கொடுக்கும். கூடலூரில், பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்காக 1990களிலிருந்து நடந்துவரும் வித்யோதயா பள்ளி, அச்சமூகங்களின் பாட்டையும் கதையையும் கைவேலையையும் பள்ளிக்கு உள்ளே கொண்டுவந்து, தன் வீட்டில் உள்ளது பாடத்திலும் உண்டு என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்க முயன்றிருக்கிறது. பிறசமூகப் பிள்ளைகளுக்குப் புதுமையாக இருப்பது, அச்சமூகத்துப் பிள்ளைக்கு மானமாக இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் காக்கத் தெரிந்த ஆசிரியையே உயர்ந்த ஆசிரியை.

ஐந்தாம் வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; முந்தைய நான்கும் செம்மையாக நடந்திருந்தால் இது தானே வழிநடக்கும். பியாஜே மூன்று மலைகளின் மாதிரியை மேசைமேல் வைத்து, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு அவை எப்படித் தெரியும் என்று கேட்டார். சிறு குழந்தைகள் தமக்குத் தெரிவதையே பொம்மைக்கும் தெரிவதாகக் காட்டின. குழந்தைக்கு அர்த்தமுள்ள சூழலில் கேட்டால் இன்னும் சிறு வயதிலேயே சரியான விடை வரும் என்று உளநூலார் மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். மலைப் பள்ளிக்கு மேசை மாதிரி வேண்டாம். ஒரே குன்றைப் பள்ளி வாசலிலிருந்து ஒருமுறையும், எதிர்ச்சரிவில் உள்ள தன் வீட்டு வாசலிலிருந்து ஒருமுறையும் வரைந்து, இரண்டையும் பக்கத்தில் வைக்கச் சொன்னால் போதும். இதோடு நிறத்தையும் சேர்க்கலாம்: அண்மையில் உள்ள சரிவு கரும்பச்சை, அதற்கப்பால் சாம்பல் கலந்த பச்சை, அதற்கப்பால் நீலம், கடைசி மலை வானத்தோடு கரையும் வெளிர்நீலம். காற்றுவெளியில் சிதறும் ஒளி தூரத்துக்கேற்ப இப்படி நிறத்தை மாற்றுகிறது. ஒரே நீலத்தில் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து, தொலைவிலிருந்து அண்மைக்கு நான்கு படிகளில் தீட்டினால், உண்மையைப்போல இல்லையே என்று பத்து வயதில் வரும் அந்தக் கவலைக்குத் தக்க மருந்து கிடைத்துவிடும்.

பொருள்களைப் பற்றிச் சில வார்த்தைகள். புராஜெக்ட் என்றாலே தெர்மாகோல், ஜிகினாத் தூள், பசைத் துப்பாக்கி என்று ஆகிவிட்டது. பிள்ளைக்கு வேலை கொடுத்த அன்று இரவே தகப்பனார் ஊட்டிக் கடைவீதிக்கு ஓடுகிறார், பாதி வேலையைத் தாயார் முடிக்கிறார், மறுவாரம் அது குப்பைக்குப் போகிறது. பிளாஸ்டிக்குக்கு எதிரான இயக்கத்தை இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடத்திக்காட்டிய மாவட்டத்தில் இது பொருந்தாது. மாறாக, இம்மலையின் தோட்டக் காய்கறிகள் ஒவ்வொன்றும் ஒரு சாயப் பாடம். பீட்ரூட்டின் சிவப்பு தாளில் பளிச்சென்று ஏறும், ஆனால் வெளிச்சம் பட்டால் சில வாரங்களில் மங்கிப் பழுப்பாகும். கேரட்டை எவ்வளவு அரைத்தாலும் தண்ணீரில் நிறம் சரியாக இறங்காது. அதன் நிறம் எண்ணெயில்தான் கரையும். செந்நிற முட்டைக்கோஸின் சாறு எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பாகவும் சோடா உப்புப் பட்டால் நீலமும் பச்சையுமாகவும் மாறும். மஞ்சள் சுண்ணாம்பைச் சந்தித்தால் சிவக்கும் என்பதை ஆரத்தித் தட்டில் பார்க்காத பிள்ளை இல்லை. தேயிலைக் கஷாயமோ தனியே பூசினால் அழகிய பழுப்பு. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த நீரைச் சிறிது கலந்தால், தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கறுத்து மையாகிவிடும். தேயிலைத் தொழிற்சாலைக் கழிவுத்தூளை ஒரு பை கேட்டு வாங்கினால் ஆண்டுக்கும் போதும். இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமானால், காட்டை நாசமாக்கும் உண்ணிச்செடியின் தண்டுகளை வேகவைத்துப் பட்டையுரித்து வளைத்து, கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்த ஆளுயரத்தை மிஞ்சிய யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இதுவரை வகுப்பு வகுப்பாகப் பேசினேன். ஆனால் நீலகிரியின் உண்மை நிலை வேறு. தோட்டங்களுக்கு நடுவிலும் காட்டோரத்திலும் உள்ள பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் தொகை இருபதோ முப்பதோதான். ஓர் ஆசிரியையோ இருவரோ ஐந்து வகுப்புகளையும் ஓர் அறையில் அமர்த்தி நடத்துகிறார்கள். இலங்கையிலிருந்து 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களுக்காக அரசு எழுப்பிய, டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்புகளிலும் இக்காட்சி புதிதல்ல. இதை ஒரு குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். சித்திரத்தைப் பொறுத்தவரை இது பெரும் அனுகூலம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 முதல் 1944 வரையில், நம்முடைய கொடைக்கானலில் தங்கியிருந்த மரியா மான்டிசோரி அம்மையார், பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்கும் தம் முறையை அங்கே ஒரு மலைப் பள்ளியில்தான் மேலும் வளர்த்தார்; சித்திரத்தை நேரே கற்பிப்பதை விட அதற்கான கையையும் கண்ணையும் பண்படுத்துவதே ஆசிரியரின் வேலை என்பதும் அவருடைய கொள்கை. சாந்திநிகேதனத்தில் பயின்று 1944 முதல் சேவாகிராமத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்த தேவி பிரசாத், கலையே கல்விக்கு அடிப்படை என்று பின்னாளில் ஒரு நூலே எழுதினார்.

ஆகவே ஓரறைப் பள்ளிக்கு நான் சொல்லும் வேலை ஒன்றே: பிள்ளைகள் வாழும் சரிவைப் பத்தடிப் பலகையில் உருவாக்குவது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பார் களிமண்ணால் மலையை எழுப்பி, நான்கு மண்ணின் நிறத்தையும் பூசட்டும். மூன்றாம் வகுப்பார் குச்சிகளை மரங்களாக நட்டு, சிறிய தூக்குக்குண்டால் ஒவ்வொன்றையும் சரிபார்க்கட்டும். நான்காம் வகுப்பார் தேயிலைப் பாத்திகளின் வரிசையையும் வீடுகளின் எண்ணிக்கையையும் எண்ணி அமைக்கட்டும். ஐந்தாம் வகுப்பார் பலகையின் நாற்புறமும் நின்று நான்கு படங்கள் வரையட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் மரம் சாய்ந்திருப்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சுட்டிக்காட்டுவாள். சாய்ந்தால் என்ன என்று அந்தச் சிறு பிள்ளை கேட்கும். இருவரும் வெளியே போய்ப் பார்ப்பார்கள். ஆசிரியை அந்த வாக்குவாதத்தில் தலையிடாமல் இருப்பதே அவர் செய்யக்கூடிய பேருதவி.

இறுதியாக, கல்வித்துறை கவனிக்க வேண்டிய ஒரு சிறு ஏற்பாடு உண்டு. அதற்குச் செலவு ஓர் அட்டைக் கோப்பின் விலைதான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளை வரைந்த ஒரு படத்தை, திருத்தாமலும் மதிப்பெண் போடாமலும், தேதி குறித்து அந்தக் கோப்பில் போட்டு வைக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்றாக ஐந்தாண்டில் பதினைந்து படங்கள் சேரும். மரம் எந்தப் பருவத்தில் நிமிர்ந்தது, தூரம் எப்போது வந்தது, தென்னை எப்போது உள்ளே நுழைந்தது என்பதெல்லாம் அதில் பிரத்தியட்சமாகத் தெரியும். பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு அந்தக் கோப்பும் போக வேண்டும். ஏனெனில் அங்கேதான் முதன்முறையாக அப்பிள்ளைக்கு ஒரு சித்திர ஆசிரியர், பகுதிநேர ஆசிரியராகவேனும், கிடைக்கிறார். அவர் இன்று எவ்விதத் தகவலும் இல்லாமல் ஆப்பிள் பழத்தையும் பூச்சாடியையும் கரும்பலகையில் போட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்.